சோற்றுக்கை

திங்கட்கிழமை காலையில் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் பேருந்துகள் பாதி காலியாகிவிடும். அன்று மனு நாள். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டை என்று ஆளுக்கொரு காகிதத்தோடு வரும் கூட்டத்தில், ஏழெட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களையும் பார்க்கலாம். பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடக்கும். ஒரு கை முஷ்டி மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும். அந்தத் தாய் கொண்டுவரும் மனுவில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: அடையாள அட்டை, மாத பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், சக்கர நாற்காலி. மூன்றும் நியாயமானவை. நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும். "என் பிள்ளை தன் கையால் சோறு எடுத்துத் தின்ன யாராவது சொல்லித் தர வேண்டும்." இதை மனுவில் எழுதலாம் என்றே யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அதைச் சொல்லித் தருவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. தமிழில் அதைத் தொழில்சார் சிகிச்சை என்கிறோம், செயல்முறை மருத்துவம் என்றும் சொல்கிறோம். முதல் பெயர் அந்தத் துறைக்குப் பெரிய தீங்கு செய்திருக்கிறது என்பது என் எண்ணம். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்குத் தொழில் என்று பெற்றோர் திகைக்கிறார்கள். சுருக்கப் பெயர் அதைவிட மோசம். சீட்டில் "ஓ.டி." என்று எழுதிக் கொடுத்தால், மருத்துவமனைக்குப் பழகிய நம் ஜனங்களுக்கு அது ஆபரேஷன் தியேட்டர். பிள்ளைக்கு ஆபரேஷனா என்று பயந்து அந்த அறைப் பக்கமே போகாமல் திரும்பிவிட அந்த இரண்டெழுத்து போதும்.

இங்கே தொழில் என்றால் சம்பாத்தியம் இல்லை. ஒரு மனிதரின் நாளை நிரப்பும் காரியங்கள் எல்லாம் இந்தத் துறைக்குத் தொழில்தான். குழந்தையின் தொழில் சாப்பிடுவது, விளையாடுவது, சட்டை மாட்டுவது, வெளிக்குப் போய்வந்து கழுவிக்கொள்வது, சிலேட்டில் கிறுக்குவது. இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, தசையையும் மூட்டையும் நடையையும் பார்க்கிறது. தொழில்சார் சிகிச்சையாளர் காரியத்தைப் பார்க்கிறார். "கை எவ்வளவு தூரம் நீள்கிறது?" என்பது முதலாமவர் கேள்வி. "நீண்ட கை டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறதா?" என்பது இரண்டாமவர் கேள்வி.

இந்தத் துறைக்கு ஒரு நூற்றாண்டு வயது. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு குழு கூடி இதற்கான முதல் சங்கத்தைத் தொடங்கியது. படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளிக்குக் கைவேலை கொடுத்தால் மனமும் உடலும் சேர்ந்து தேறும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே வாழ்ந்தவர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளிதான் ஆசியாவின் முதல் தொழில்சார் சிகிச்சைப் பள்ளி. 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியா அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கை அன்றாட வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறை. நம்மிடமிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்.

வரலாறு இருக்கட்டும். ஒரு வாய்ச் சோறு எப்படி வாய்க்குப் போகிறது என்று பார்ப்போம்.

ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம். வளரும் மூளையில், பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ அடுத்த சில மாதங்களிலோ ஏற்பட்ட ஒரு காயத்தின் விளைவு அது. குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை போன்றவை அறியப்பட்ட காரணங்கள். உலக அளவில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகளுக்கு இது வருகிறது. காயம் பெருகுவதில்லை. ஆனால் தசை இறுக்கமும் மூட்டு மடக்கமும், கவனிக்காவிட்டால், வயதோடு கூடும்.

தட்டில் ஒரு இட்லி. நாம் யோசிக்காமல் செய்வதை இந்தப் பிள்ளை எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் உட்கார வேண்டும். தொடையின் பின்தசை இறுகியிருப்பதால் காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரிகிறது, முதுகு வளைகிறது. விழாமல் இருக்கவே இரண்டு கையும் தரையில் ஊன்ற வேண்டியிருக்கிறது. ஊன்றிய கை எப்படி இட்லியை எடுக்கும்? அதனால் நல்ல சிகிச்சையாளர் கையைத் தொடுவதற்கு முன் உட்காரும் இடத்தைப் பார்ப்பார். சுவரின் மூலையில் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதியும் உயரத்தில் ஒரு சிறு முக்காலி, முன்னால் முழங்கை ஊன்ற ஒரு பலகை. இவ்வளவு செய்ததும் கை விடுபட்டுவிடும். ஆறு மாதம் விரலுக்குப் பயிற்சி கொடுத்தும் நகராத காரியம், முக்காலியால் ஒரே நாளில் ஓர் அடி நகர்வது உண்டு.

அடுத்தது விரல். இட்லியைப் பிட்க, கட்டைவிரல் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் எதிரே வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டு லேசாக மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடி இறுகாது. இந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு எப்போதும் கீழே தொங்குகிறது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. பிட்ட துண்டைச் சட்னியில் தொடும்போது நசுங்காத அளவு அழுத்தம் வேண்டும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரல் நுனித் தோலும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பிறகு முழங்கை மடங்க, முன்கை உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி திரும்ப, தோள் அசையாமல் நிற்க, வாய் சரியான கணத்தில் திறக்க வேண்டும். முன்கையைத் திருப்புவதுதான் இறுக்கமுள்ள கைக்கு மிகக் கடினம். துண்டு உதடுவரை வந்து கன்னத்தில் இடித்து விழுவது அங்கேதான்.

ரசம் சாதம் இதைவிடப் பல மடங்கு கடினம். பிசைய வேண்டும், நான்கு விரலால் திரட்ட வேண்டும், கட்டைவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். ஆகவே வரிசை இப்படி அமையும்: முதலில் இட்லி, பிறகு குழைய வடித்துப் பிசைந்த சாதத்தில் உருண்டை, கடைசியில் ரசம். சொல்லித் தருவதும் தலைகீழாக நடக்கும். அம்மா பிட்டு, தொட்டு, பிள்ளையின் விரலிடையே வைத்து, முழங்கையைத் தாங்கி உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்புவரை கொண்டுபோவார். அந்தக் கடைசி அங்குலம் மட்டும் பிள்ளையுடையது. இட்லி வாயில் விழுந்த வெற்றியும் அவளுடையது. அது பழகியதும் அம்மா இரண்டு அங்குலம் முன்பே கையை எடுத்துவிடுவார். பின்னிருந்து முன்னாகப் படிப்படியாய்க் கற்பிக்கும் இந்த முறையில் ஒவ்வொரு முயற்சியும் சாப்பாட்டில்தான் முடியும். தோற்றுத் தோற்று அழுது விட்டுவிடுவதற்கு இடமில்லை.

மேலைநாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் உண்பது என்றால் கரண்டியும் முள்கரண்டியும். அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து, கரண்டி பிடிக்கத் தெரிந்துவிட்டது என்று அட்டையில் குறித்துவிட்டு, வீட்டில் பிள்ளைக்கு அம்மா ஊட்டிவிடுவதில் என்ன பயன்? நம் பிள்ளைக்கு இலக்கு, பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து தன் கையால் சாப்பிடுவது. கையால் முடியாத நிலையில்தான் கரண்டி. அப்போதும் அதன் காம்பில் சைக்கிள் ட்யூப் சுற்றித் தடிமனாக்கித் தந்தால் பிடி நிற்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வலது கை சோற்றுக்கை, இடது கை பீச்சாங்கை. ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளைகள் உண்டு, ஒரு கையும் ஒரு காலும். வலப்பக்கம் பாதித்த பிள்ளை இயல்பாகவே இடது கையால் தட்டில் கை வைக்கும். "சோத்துக்கையால தின்னு" என்று பாட்டி அதட்டுவாள், பந்தியில் யாராவது முகம் சுளிப்பார்கள். பிள்ளை ஊட்டிவிடுவதற்காகக் காத்திருக்கப் பழகிவிடும். இடப்பக்கம் பாதித்த பிள்ளைக்கோ சாப்பாட்டில் கஷ்டமில்லை, கழுவிக்கொள்வதில்தான் கஷ்டம். பத்து வயதுவரை அம்மாவே கழுவிவிடுகிறாள். அதனாலேயே பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. மருத்துவ அறிக்கையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நோய்ப்பெயர். வாழ்க்கையில் அவர்களுக்கு வேண்டிய உதவி முற்றிலும் வேறு. 2006இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இத்தகைய பிள்ளைகளின் கைத்திறனை ஐந்து நிலைகளாக வகுத்தபோது, தசையின் வலிமையை அளக்கவில்லை. அன்றாடப் பொருள்களைப் பிள்ளை தினசரி எப்படிக் கையாள்கிறது என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். அந்த அளவுகோலை வேங்கிக்காலில் பிடித்தால் சொம்பையும் தட்டையும் கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

பாதித்த கை ஏன் நாளாக நாளாக மேலும் மங்குகிறது? பிறந்த குழந்தையின் மூளையில் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்பு இழைகள் இறங்குகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் அவற்றுக்குள் ஒரு போட்டி நடக்கிறது. வேலை செய்யும் இழைகள் தண்டுவடத்தில் இடம்பிடிக்கின்றன, செய்யாதவை பின்வாங்குகின்றன. சாதாரணமாக இடது மூளை வலக்கையையும் வலது மூளை இடக்கையையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில் அது முடியும். ஒரு பாதி காயப்பட்டிருந்தால் அதன் இழைகள் மௌனமாக இருக்கும். மறுபாதி அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோவதைப் போல, உபயோகிக்காத பாதை அடைபட்டுப் போகிறது. முதல் இரண்டு வயதைத் தவறவிடாதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

இதற்குமேல் இன்னொன்றும் சேர்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப் குரங்குகளில் செய்த சோதனைகளில், ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டியதும் குரங்கு அந்தக் கையை அடியோடு கைவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்ததும் கைவிட்ட கையை மீண்டும் பயன்படுத்தியது. அசைக்க முடியாததால் மட்டுமல்ல, அசைத்து ஒன்றும் நடக்காததால் "இது வேண்டாம்" என்று கற்றுக்கொண்டதாலும் கை கிடந்திருக்கிறது. இதிலிருந்து பிறந்த சிகிச்சையில், பிள்ளையின் நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டி, குறித்த நேரம் பலவீனமான கையால் விளையாட விடுகிறார்கள். ஒருபக்க பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு நல்ல ஆதாரம் உள்ள முறைகளில் இது ஒன்று. வீட்டில் தாமாகவே நல்ல கையைக் கட்டிப்போடுவது கூடாது. எவ்வளவு நேரம், எந்த வயதில், எந்த விளையாட்டோடு என்பதைச் சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு கையும் சேர்ந்து செய்யும் காரியங்கள்: சப்பாத்திக் கட்டையை உருட்டுவது, பூ தொடுப்பது, பாட்டில் மூடியைத் திறப்பது. விரல் நுனிக்குக் கோலப்பொடியைவிட நல்ல பயிற்சிப் பொருள் எந்த நாட்டுப் பெட்டியிலும் வராது. பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் அடுத்து. வாயில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளையிடம் மட்டும் கொட்டையைக் கொடுக்க வேண்டாம்.

தெரபி என்ற பெயரில் நடப்பதெல்லாம் பயன் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பாயில் கிடத்தி, வேறொருவர் கையைக் காலை நீட்டி மடக்கி அனுப்புவதால் காரியத்திறன் வளர்வதில்லை. பிள்ளை தானே விரும்பி, தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை கற்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஊஞ்சல், பந்துக் குளம், தூரிகை உரசல் என்று செய்யும் புலன் ஒருங்கிணைப்பு முறையும் ஆராய வேண்டியதே. அதை வகுத்தவர் அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ். சத்தத்துக்குக் காதைப் பொத்துவதும், சட்டை லேபிளின் உரசல் தாளாமல் கதறுவதும் அடம் இல்லை, புலன் செய்திகளை மூளை கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு என்று அவர் காட்டியது பெரிய உதவி. பல பிள்ளைகள் அடி வாங்காமல் தப்பியது அதனால். ஆனால் சிகிச்சையாக அதைச் சோதித்தபோது, 138 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஊஞ்சலில் பிள்ளை மகிழ்ந்தால் தாராளமாக ஆடட்டும். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. பல் துலக்கவும் பள்ளி மணிச் சத்தத்தைத் தாங்கவும் என்ன செய்யலாம் என்று நேரடியாகக் கேளுங்கள்.

உள்ளதிலேயே நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று 2009இல் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள 36 பிள்ளைகள். பெற்றோரே தங்களுக்கு வேண்டிய இலக்கைத் தேர்ந்தெடுத்தார்கள், சிகிச்சையாளர் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். எட்டு வாரத்தில் பிள்ளைகளின் காரியத்திறன் தெளிவாகக் கூடியது. செலவான நேரம் மாதத்தில் சுமார் 17 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 16 நிமிடம். இந்தக் கணக்கைத் தாய்மார்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கத் தெரபி செய்யாத குற்றவுணர்ச்சியில் கரைய வேண்டாம். காலை இட்லி வேளையே அந்தக் கால்மணி நேரம். அதை அப்பாவும் தாத்தாவும் அண்ணனும் பங்கிட்டுக்கொள்ளலாம். மிச்ச நேரத்தில் அம்மா அம்மாவாக மடியில் வைத்துக் கொஞ்சட்டும்.

ஆனால் அந்தக் கால்மணி நேரத்தை வகுத்துத் தர ஒருவர் வேண்டுமே! நம் மாவட்டம் பெரியது. ஜவ்வாது மலையிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, போளூர் வந்து, பேருந்து மாறித் திருவண்ணாமலை சேர்ந்து, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. வாரம் இரண்டு முறை வா என்று சொன்னால் மூன்றாம் வாரம் அவள் வரமாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிகிச்சை அவளைத் தேடிப் போக வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ராமகிருஷ்ணனே கல்லூரி நாட்களில் கடற்படைத் தேர்வு ஒன்றில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்தச் சங்கத்தில் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிகிச்சையாளர்கள் செல்போன் செயலி வழியே அவர்களை வழிநடத்துகிறார்கள்.

அரசிடமும் ஏற்பாடுகள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதித்து, மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே போகிறது. அதே வண்டியில் தொழில்சார் சிகிச்சையாளரும் ஏறிப் போக வேண்டும். வாரம் ஒருமுறை வேண்டாம், மாதம் ஒருமுறை போதும். வீட்டு மூலையைப் பார்த்து, முக்காலியின் உயரத்தைச் சொல்லி, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்கச் சொல்லி, பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் தைக்கச் சொல்லி, அடுத்த மாத இலக்கைக் குறித்துவிட்டு வரட்டும். திங்கட்கிழமை மனுவில் கேட்க வேண்டிய நான்காவது கோரிக்கை இதுவே.

பெற்றோருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காவிட்டால், கை எந்நேரமும் முஷ்டியாகவே மூடியிருந்தால் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டிப் பொருளை எடுத்தால், "எங்க பையன் இடதுகைக்காரன்" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த வயதில் எந்தக் குழந்தையும் ஒரு கைக்காரராக இருப்பதில்லை. மறு கை ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அரசு இடையீட்டு மையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. பள்ளியில் சேர்க்கும் வயது வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.